கொன்ரோலரைக் கழற்ற முன்: சோலார் சார்ஜ் கொன்ரோலர் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடித்தல்

சோலார் வேலை செய்யவில்லை என்றதும் எல்லாருடைய கையும் முதலில் போவது, பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கொன்ரோலரின் ஸ்குறூவுக்குத்தான். சுவரில் கண்ணுக்கு நேரே தொங்குவது அதுதான், லைற் மினுங்குவதும் அணைவதும் அதிலேதான். அதனால் பழியும் அதற்கே. பிழையோ பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ கிடக்கும்: கூரையில் உப்புப் பூத்த இணைப்பு, மெல்லிய வயர், தண்ணீர் வற்றிய பற்றரி, அல்லது வாங்கின அன்றே பொருந்தாமல் போன பனல். யாழ்ப்பாணத்தில் கடற்காற்றும் சுண்ணாம்புத் தண்ணீரும் இந்தப் பட்டியலை இன்னும் கொஞ்சம் நீட்டும்.

கீழே உள்ள எண்கள் 12 வோல்ற் தொகுதிக்கு உரியவை. உங்களுடையது 24 என்றால் பற்றரிப் பக்கத்து வோல்ற்றை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் மீற்றர், பிறகு ஸ்குறூ டிறைவர்

வெயில் இருக்கும் நேரம், எல்லாம் பூட்டியபடியே மூன்று இடத்தில் வோல்ற் எடுங்கள். ஒன்று, பற்றரியின் ஈய முனையில். மீற்றர் ஊசி கிளிப்பிலோ வயரிலோ படக்கூடாது, ஈயத்திலேயே குத்த வேண்டும். இரண்டு, கொன்ரோலரின் பற்றரி முனையில். மூன்று, கொன்ரோலரின் பனல் முனையில். மூன்றையும் ஒரு துண்டில் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கொன்ரோலரை மறந்துவிட்டு நடுவில் உள்ள வயரையும் பியூசையும் பாருங்கள்.

அம்பியர் பார்க்க டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றர் வேண்டும். மலிவான கிளாம்புகள் ஏசி மட்டும்தான் அளக்கும். டிசி வயரில் மாட்டினால் 0 காட்டி உங்களைப் பிழையான பக்கம் அனுப்பும். சாதாரண மல்டிமீற்றரின் 10 அம்பியர் துளையை 100 வாற் பனலுக்குப் பாவிக்கலாம். 550 வாற் பனலின் ஷோட் அம்பியர் 14 அளவில் இருக்கும், மீற்றரின் பியூஸ் போய்விடும். அம்பியர் அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ற் துளைக்குத் திருப்பிப் போட மறக்காதீர்கள். மறந்தபடி பற்றரியில் வைத்தால் அது அளவு இல்லை, ஷோட்.

கழற்றும் ஒழுங்கு: பனல், லோட் (பல்பு, ஃபானுக்குப் போகும் வயர்), கடைசியாகப் பற்றரி. பூட்டும்போது பற்றரி, பனல், லோட். கொன்ரோலர் தன் தொகுதி 12ஆ 24ஆ என்பதைப் பற்றரியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. பனலை முதலில் கொடுத்தால் 24 என்று நினைத்துக்கொள்ளலாம். மலிவான பெட்டிகள் அந்த இடத்திலேயே செத்தும் போகலாம்.

முகப்பு இருண்டு கிடக்கிறது

பற்றரி முனையில் 12.5, கொன்ரோலர் முனையில் 0 என்றால் பியூஸ். பியூசின் கம்பி முழுதாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். பியூஸ் தாங்கியின் பித்தளையில் பச்சை பூத்திருந்தால் உள்ளே தொடர்பு இல்லை. கொன்ரோலர் முனையிலும் 12க்கு மேல் வந்து, கூட்டலும் (+) கழித்தலும் (-) சரியாக இருந்து, அப்பவும் முகப்பு இருண்டிருந்தால் இது மெய்யாகவே கொன்ரோலர் பழுது.

பற்றரியே 8, 9 வோல்ற்றுக்குக் கீழே விழுந்திருந்தால் பல கொன்ரோலர்கள் எழும்பா. வெளிச் சார்ஜரில் 11.5க்கு மேல் ஏற்றிவிட்டுப் பூட்டுங்கள். லித்தியம் பற்றரியில் 0 காட்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (BMS, பற்றரியைக் காக்கும் சுற்று) தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. பனலை மட்டும் கொடுத்து அதை எழுப்புவது பெரும்பாலும் நடவாத காரியம். லித்தியத்துக்கான சார்ஜர் வேண்டும்.

நல்ல வெயில், ஆனால் அம்பியர் ஏறவில்லை

பற்றரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 13.6 அளவில் அசையாமல் நின்று அம்பியர் 0.3, 0.5 என்று காட்டினால் கொன்ரோலர் தன் வேலையை முடித்துவிட்டு இருக்கிறது. ஒரு ஃபானையும் இரண்டு பல்பையும் போடுங்கள். அம்பியர் ஏறினால் பிழை ஒன்றும் இல்லை.

ஏறவில்லையா? பனல் வயர் இரண்டையும் கழற்றி, அந்த நுனிகளில் வோல்ற் எடுங்கள். 36 செல் உள்ள பழைய 12 வோல்ற் பனலின் பின் ஸ்ரிக்கரில் விஓசி (Voc, ஒன்றும் பூட்டாத நேரத்து வோல்ற்) 22 என்று இருந்தால், மத்தியானம் சூடான சீற்றுக் கூரையில் 19 முதல் 20 வரை வரும். 550 வாற் பனலில் 49.5 என்று அடித்திருந்தால் 44, 45 வரும். ஸ்ரிக்கரில் உள்ளது 25 பாகையில் எடுத்த அளவு. கூரையில் பனல் 60 பாகை வரை சுடும், அதனால் இந்த இறக்கம் இயல்பு. 0 என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. 36 செல் பனலில் சரி பாதி, 10 அளவில் வந்தால் பின்பெட்டியில் உள்ள இரண்டு டையோட்டில் ஒன்று ஷோட்.

வோல்ற் சரி, அம்பியர் இல்லை என்பதுதான் எல்லாரையும் குழப்புகிறது. துரு ஏறிய இணைப்புக்குள்ளாலும் வோல்ற் முழுதாக வரும். மீற்றர் எடுக்கும் மின் மிக மிகக் குறைவு என்பதால் இணைப்பின் தடை அதில் தெரியாது. அம்பியர் ஓடத் தொடங்கும்போதுதான் அது விழும். ஆகவே பனலைத் திரும்பப் பூட்டி, சார்ஜ் ஏறவேண்டிய நேரத்தில் பனல் முனையில் அளவு எடுங்கள். பிடபிள்யூஎம் (PWM) என்ற மலிவான வகைக் கொன்ரோலர் என்றால் (விளக்கம் கீழே) விடை இரண்டில் ஒன்று. பனல் முனை பற்றரியை விட அரை வோல்ற் அளவுதான் கூட, ஆனால் அம்பியர் சொற்பம்: கொன்ரோலர் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, பனல் பக்கத்திலிருந்து வரவில்லை. பனல் முனை 20, பற்றரி 12.3: பனல் தர நிற்கிறது, கொன்ரோலர் எடுக்கவில்லை. இரண்டாவது என்றால் 24 வோல்ற் என்று தவறாகப் பிடித்திருக்கிறதா என்று முகப்பில் பாருங்கள். பற்றரி வகை அமைப்பையும் பாருங்கள். எல்லாம் கழற்றி மேலே சொன்ன ஒழுங்கில் திரும்பப் பூட்டுங்கள். அப்பவும் அதே கதை என்றால் உள்ளே சுவிற்ச் செய்யும் பாகம் போய்விட்டது.

முதலாவது என்றால் கூரைக்கு ஏறத்தான் வேண்டும். குருநகர், மண்டைதீவு, காரைநகர் போன்ற கரைப்பக்கங்களில் முதலில் பார்க்க வேண்டியது எம்சி-4 (MC4, பனல் வயர்களைக் கோர்க்கும் பிளக்) இணைப்பு. பனலை மொத்தத் துணியால் மூடி, கீழே பனல் வயரையும் கழற்றிவிட்டுத்தான் அதைப் பிரிக்க வேண்டும். மின் ஓடும்போது இழுத்தால் பொறி பறந்து பிளாஸ்ரிக் உருகும். உள்ளே ஊசியில் வெள்ளை மாவோ பச்சையோ தெரிந்தால் அரத்தாளால் தேய்க்காதீர்கள், தகரப் பூச்சு போய் இரண்டே மாதத்தில் திரும்பப் பூக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிறிம்ப் பண்ணுங்கள். ஆண் முனையும் பெண் முனையும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். இணைப்பு சீற்றின் மேல் படுத்துக் கிடக்கக்கூடாது. பனல் சட்டத்தோடு கட்டி, வயர் ஒரு தொய்வு விழுந்து ஏறும்படி விட்டால் மழைத் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும்.

அடுத்தது நிழல். சுவிற்ச் போட்டதுபோல ஒரு பனை மரத்தின் நிழல் கோடு பனலின் குறுக்கே விழுந்தால் அம்பியர் பாதிக்கும் கீழே போகும், ஏனென்றால் செல்கள் தொடராகக் கோர்த்தவை. யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகையில் இருப்பதால் ஆனி மாதத்தில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மார்கழியில் தெற்கே 57 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். பனலை விட 10 மீற்றர் உயரமாகத் தெற்கில் ஒரு பனையோ தென்னையோ நின்றால், மார்கழி நடுப்பகலில் அதன் நிழல் 6.5 மீற்றர் வடக்கே நீளும். ஆனியில் பூட்டி வடிவாக வேலை செய்தது மார்கழியில் மங்கிப் போவதற்கு மாரி முகில் மட்டும் காரணம் இல்லை. பனலைத் தெற்கு நோக்கி 10 பாகை சரிவில் வையுங்கள். அதற்குக் குறைத்தால் மழைத் தண்ணீர் ஓடாமல் கீழ் ஓரத்தில் அழுக்கு வரி கட்டும். சோளகக் காலத்தில் உப்பும் செம்மண் தூசியும் சேர்ந்து படியும். காலையில், கண்ணாடி சூடேற முன், கழுவுங்கள். தீவுப் பகுதியில் உவர்த் தண்ணீரால் கழுவினால் காய்ந்ததும் வெண்புள்ளி நிற்கும்; மழைத் தண்ணீர் சேர்த்து வைத்தது இருந்தால் நல்லது.

பெரிய பனல், சின்ன அம்பியர்

இது பழுது இல்லை, வாங்கும்போது விட்ட பிழை. வீட்டுக் கூரைகளுக்கு வரும் 540, 550 வாற் பனல் ஒன்றை வாங்கி, கடையில் கிடைத்த நீலநிற 30 அம்பியர் பிடபிள்யூஎம் பெட்டியில் பூட்டுகிறார்கள். பிடபிள்யூஎம் என்பது பனலைப் பற்றரியோடு நேரே இணைத்து வெட்டி வெட்டி விடும் சுவிற்ச். பனல் 13 அம்பியர்தான் தரும். பற்றரி 13 வோல்ற்றில் நிற்கும். ஆக 170 வாற். மிச்சம் கூரையிலேயே சூடாகப் போகிறது. அதோடு, 12 வோல்ற் பிடபிள்யூஎம் பெட்டிகளில் பனல் பக்க உச்ச அளவு 25 என்றும் 50 என்றும் அடித்திருப்பார்கள். 25 போட்ட பெட்டிக்கு 45 வோல்ற் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்?

60 செல்லும் அதற்கு மேலும் உள்ள பனலுக்கு எம்பிபிரி (MPPT, பனலின் கூடுதல் வோல்ற்றை அம்பியராக மாற்றிப் பற்றரிக்குக் கொடுக்கும் கொன்ரோலர்) வேண்டும். 550 வாற் பனல் நம் வெயிலில் உண்மையில் 430 வாற் அளவில் தரும், அதை 13.5 ஆல் பிரித்தால் 32 அம்பியர், ஆகவே 40 அம்பியர் கொன்ரோலர். அதற்கு முன் பற்றரியையும் கேளுங்கள்: 150 அம்பியர்-மணி ரியூபிலர் பற்றரி ஒன்றுக்கு 15 முதல் 20 அம்பியர் வரைதான் நல்லது. பகலில் பம்போ பிறிட்ஜோ ஓடி மிச்சத்தைத் தின்னாவிட்டால், கொன்ரோலரில் சார்ஜ் அம்பியரைக் குறைத்து அமைக்க வேண்டும்.

எம்பிபிரி என்று பெட்டியில் அடித்திருப்பது எல்லாம் எம்பிபிரி இல்லை. உள்ளே செப்புக்கம்பி சுற்றிய கொயில் இருப்பதால் மெய்யானது கையில் பாரமாக இருக்கும், பின்னால் அலுமினியத் தகடும் தடிப்பாக இருக்கும். நிச்சயமான சோதனை: பற்றரி இறங்கியிருக்கும் காலை நேரம் பனல் முனையில் அளவெடுங்கள். 550 வாற் பனலில் 36 முதல் 40 வரை நின்றால் மெய். பற்றரியோடு ஒட்டி 13 காட்டினால் பிடபிள்யூஎம்முக்கு எம்பிபிரி காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு 550 பனலைத் தொடராகக் கோர்த்தால் 99 வோல்ற், 100 வோல்ற் கொன்ரோலருக்குள் அடங்கும் என்ற கணக்கும் பிழை. தை மாத விடியலில் 20 பாகைக்கு இறங்கும்போது அது 100ஐத் தாண்டும். 150 வோல்ற் கொன்ரோலர் எடுங்கள், அல்லது சமாந்தரமாக (கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல்) பூட்டுங்கள். மறுபக்கமாக, ஒரே ஒரு 100 வாற் 36 செல் பனலுக்கு எம்பிபிரி வீண். சூட்டில் அதன் வேலை வோல்ற் 15க்கு வந்துவிடும், மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல வயர் வாங்கலாம்.

காலை 9 மணிக்கே நிறைந்தது என்கிறது, இரவு 8 மணிக்கு இருட்டு

வயரிலிருந்து தொடங்குங்கள். கொன்ரோலருக்கும் பற்றரிக்கும் இடையில் ஒன்றரை மீற்றர். போய் வர 3 மீற்றர். 7/0.67 வயரில் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) 20 அம்பியர் ஓடினால் 0.44 வோல்ற் வயரிலேயே விழும். கொன்ரோலர் 14.4 கண்டு நிறைந்துவிட்டது என்று குறைக்கத் தொடங்கும். பற்றரியில் அப்போது 13.96 தான். 7/1.35 போட்டால் இழப்பு 0.11க்கு இறங்கும். பனலிலிருந்து வரும் வயர் நீளமாக இருக்கலாம், அதற்கு 7/1.04 போதும், பற்றரி வயரைக் கட்டையாகவும் தடிப்பாகவும் வையுங்கள்.

இன்னொன்று சூடு. ஈய அமிலப் பற்றரிக்கு ஒவ்வொரு பாகைக்கும் 0.024 வோல்ற் அளவில் கொன்ரோலர் குறைத்துக்கொள்ளும், அது சரியான வேலை. ஆனால் மலிவான பெட்டிகளில் வெப்பம் பார்க்கும் பாகம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சீற்றுக்குக் கீழே சுவர் உச்சியில் கொன்ரோலர் 50 பாகை, சீமெந்துத் தரையில் பற்றரி 30 பாகை என்றால், 14.3 அளவில் ஏற்ற வேண்டியதை 13.8இலேயே நிறுத்திவிடும். பெட்டியைக் கீழே இறக்கிப் பற்றரிக்குக் கிட்டப் பூட்டுங்கள், நேர் மேலே வேண்டாம், அமில ஆவி ஏறும்.

இரண்டும் சரி என்றால் பற்றரிதான். விடிகாலையில், லோட் எல்லாம் அணைத்து ஒரு மணித்தியாலம் விட்டு அளவெடுங்கள்: 12.7 நிறைவு, 12.2 பாதி, 11.8 வெறுமை. பிறகு நிறைந்த 100 அம்பியர்-மணிப் பற்றரியில் ஒரு 55 வாற் கார் ஹெட்லைற் பல்பைக் கொளுத்துங்கள். நல்லது பத்து மணித்தியாலம் கழித்தும் பாதியளவில் நிற்கும். இரண்டு மணித்தியாலத்தில் 11.8க்கு வந்தால் கொள்ளளவு போய்விட்டது, எந்தக் கொன்ரோலரும் அதைத் திருப்பித் தராது. லொறி, ட்ராக்டர் பற்றரிகள் இந்தக் கதிக்கு விரைவில் வரும். அவை ஸ்ராட் பண்ணச் செய்தவை, இரவிரவாக இறக்குவதற்கு அல்ல.

கிணற்றுத் தண்ணீர் விட்ட பற்றரியா என்றும் கேளுங்கள். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகப் பிடிக்கிறதே, அதே சுண்ணாம்புதான் பற்றரித் தட்டிலும் போய் நிற்கும். கரைப்பக்கம் என்றால் உப்பும் சேரும். வடித்த தண்ணீர்ப் போத்தல் பற்றரிக் கடையிலும் பெற்றோல் செற்றிலும் கிடைக்கும், அதைத் தவிர வேறொன்றும் விடக்கூடாது. கொதிக்க வைத்து ஆறவிட்டதும் அல்ல.

பற்றரி கொதிக்கிறது, மணக்கிறது

மத்தியானம் பற்றரி முனையில் அளவெடுங்கள். 14.8க்குள் நின்றால் அமைப்பைப் பாருங்கள்: மூடிய ஜெல் பற்றரிக்குத் திறந்த பற்றரியின் அமைப்புப் போட்டிருக்கலாம், ஜெல்லுக்கு 14.1 முதல் 14.4 போதும். 16, 17 என்று ஏறினால் கொன்ரோலரின் உள் சுவிற்ச் ஷோட்டாகி, பனல் நேரே பற்றரியில் விழுகிறது. உடனே பனலைக் கழற்றுங்கள். திருத்த வேண்டாம், மாற்றுங்கள். வோல்ற் ஏறாமல் 13க்குக் கீழேயே நின்று ஒரு செல் மட்டும் கொதிக்காமல் மற்றவை கொதித்தால், அந்தக் கொதிக்காத செல் செத்துவிட்டது, விடியலில் 10.6 அளவில் காட்டும்.

கொதிக்கும் பற்றரி ஐதரசன் விடும். சாமி அறை அலுமாரிக்குள், விளக்குக்குப் பக்கத்தில் பற்றரி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வெளியே எடுங்கள்.

லித்தியத்தில் கொதிப்பு இல்லை, வேறு பிழை வரும். கொன்ரோலர் ஈய அமில அமைப்பில் 14.8க்குத் தள்ளினால் பிஎம்எஸ் பற்றரியைக் கழற்றிவிடும். பற்றரி இல்லாமல் பனல் மட்டும் நிற்க, அந்தத் துள்ளல் லோட் பக்கம் போய் எல்ஈடி பல்புகளை எரிக்கும். நடுப்பகலில் பல்பு போகிறது என்றால் இதை நினையுங்கள். லித்தியத்துக்கு அமைப்பு: 14.2 முதல் 14.4 வோல்ற், சமப்படுத்தல் (ஈக்குவலைஸ்) சுழி, வெப்பத் திருத்தம் சுழி.

இரவில் லோட் தானாக அணைகிறது, அல்லது அணையவே இல்லை

நீலப் பெட்டிகளில் லோட் நேரம் 24 என்று இருந்தால் எப்போதும் எரியும். 5 என்று யாரோ பட்டனை அமத்தி வைத்திருந்தால் பொழுதுபட்டு 5 மணித்தியாலத்தில் அணையும். பிள்ளைகள் விளையாடிய பிழை பாதி இங்கேதான். நேர அமைப்பு சரியென்றால் இறக்க எல்லையைப் பாருங்கள். பல பெட்டிகள் 10.7இல் வெட்டும், அது பற்றரிக்கு மிகவும் பிந்திய வெட்டு. 11.5க்கு ஏற்றினால் இரவு சற்று முந்தி இருட்டும், பற்றரி கூட நாள் இருக்கும்.

இன்வேட்டரை லோட் முனையில் பூட்டக்கூடாது. 300 வாற் இன்வேட்டர் 12 வோல்ற்றில் 28 அம்பியர் இழுக்கும். ஸ்ராட் பண்ணும்போது இன்னும் கூட. 20 அம்பியர் லோட் முனை வெட்டும் அல்லது எரியும். பற்றரியிலிருந்து நேரே, தனிப் பியூசோடு கொடுங்கள்.

பற்றரி செத்தாலும் லோட் அணையவில்லை என்றால் கழித்தல் வயர்களைப் பாருங்கள். மலிவான பிடபிள்யூஎம் பெட்டிகள் பெரும்பாலும் கழித்தல் பக்கத்தில்தான் வெட்டும். லோட்டின் கழித்தலையும் பற்றரியின் கழித்தலையும் ஒன்றாக முறுக்கியிருந்தால் மின் கொன்ரோலரைச் சுற்றிப் போய்விடும். மூன்று கழித்தலும் தனித்தனியாகக் கொன்ரோலருக்கு வர வேண்டும்.

முனை கருகியிருக்கிறது

கருகல் எப்போதும் ஒரு முனையில்தான் தொடங்கும், அது இளகின முனை. மெல்லிய இழை வயரை அப்படியே நுழைத்து இறுக்கினால் இழைகள் நசிந்து சில கிழமையில் தளரும். ஈயம் வைத்து ஒட்டிய நுனியும் அப்படித்தான், ஈயம் அழுத்தத்தில் மெல்ல விலகும். குழாய் லக் போட்டுக் கிறிம்ப் பண்ணி இறுக்குங்கள், பதினைந்து நாள் கழித்து ஒருக்கால் திரும்ப இறுக்குங்கள். பெட்டியை நிமிர்த்தி, மேலும் கீழும் 15 சென்ரிமீற்றர் விட்டு, சீமெந்துச் சுவரில் பூட்ட வேண்டும். வாடிகளிலும் தோட்டக் கொட்டில்களிலும் கிடுகுத் தட்டியில் ஆணியடித்துத் தொங்கவிடுவது தீக்கு விருந்து வைப்பது. வேறு சுவர் இல்லையென்றால் பின்னால் ஒரு சீமெந்துப் பலகை கொடுங்கள். பற்றரியின் கூட்டல் முனையிலிருந்து 20 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும், 20 அம்பியர் கொன்ரோலருக்கு 25. வீட்டு ஏசி பிறேக்கரை இங்கே போடாதீர்கள். டிசி பொறி அதற்குள் அணையாது.

ரேடியோ இரைகிறது என்றால் பிடபிள்யூஎம் வெட்டும் சத்தம் அது. கூட்டல், கழித்தல் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஓடவிட்டு, ரேடியோவை இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள்.

ஐப்பசியில் இடி முழக்கம் கேட்கத் தொடங்கினால் பனல் பக்க டிசி பிறேக்கரை இறக்கி விடுங்கள். பற்றரியைக் கழற்றத் தேவையில்லை. முகில் விலகியதும் அந்தப் பிறேக்கரை ஏற்றி, பனல் முனையில் ஒரு அளவு, பற்றரி முனையில் ஒரு அளவு எடுத்துப் பழைய துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.